லீவே போடாத மனுஷன்

தமிழ்நாட்டில் அதிகம் பேர் எழுதிய கற்பனைக் கதை எது தெரியுமா? லீவ் லெட்டர்!

ஒன்பது, பத்து வயதில் எழுத ஆரம்பிக்கிறோம். 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்...' என்று தொடங்கும். அந்த வயதில் 'சஃபரிங்'குக்கு ஸ்பெல்லிங்கூட ஒழுங்காகத் தெரியாது. ஆனாலும் கரும்பலகையைப் பார்த்துக் காப்பியடித்து, கீழே அப்பாவிடம் கையெழுத்து வாங்கி, நீட்டியிருக்கிறோம். கதையின் ஹீரோ எப்போதும் காய்ச்சல்தான். வயிற்றுப்போக்கு, மூலம், மாதவிடாய் வலி, மனசு சரியில்லை... இதற்கெல்லாம் அதில் சின்ன வேஷம்கூடக் கிடையாது. வேலைக்குப் போன பிறகும் அதே கதையைத்தான் எழுதுகிறோம். பள்ளிக்கூடத்தில் அப்பா கையெழுத்து. ஆபீஸில் டாக்டர் கையெழுத்து. அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த வாரம் விமர்சனத்துக்கு எடுத்துக்கொண்டது இந்தக் கதையைத்தான். சிரிக்காதீர்கள். அதில் ஒரு பெரிய குறை இருக்கிறது. காய்ச்சல் இல்லாதவன் காய்ச்சல் என்று லெட்டர் எழுதிக் கொடுத்துவிட்டு மச்சினன் கல்யாணத்துக்குப் போகிறான். நிஜமாகவே காய்ச்சல் உள்ளவன் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறான்.

முதல் ஆளைப் பற்றி ஊரெல்லாம் ஜோக் அடித்தாயிற்று. நான் இரண்டாவது ஆளைப் பற்றிச் சொல்கிறேன்.

*

பி.காம். முடித்த கையோடு எனக்குக் கிடைத்த முதல் வேலை, விழுப்புரத்தில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுவது. வீடு திண்டிவனம். தினமும் பாசஞ்சர் ரயிலில் சீசன் டிக்கெட். மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம், அப்புறம் விழுப்புரம். அதே ரயிலில் அதே கடைக்கு வருவார் கேஷியர் அண்ணன். பேர் வேண்டாம், அண்ணன் என்றே வைத்துக்கொள்வோம். வயது 46.

அண்ணனுக்கு ஒரு பெருமை உண்டு. ஆறு வருடமாக ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை. ஆயுதபூஜை அன்று முதலாளி எங்கள் எல்லோரையும் நிற்கவைத்து, "இதோ பாருங்க, லீவே போடாத மனுஷன்!" என்று அவருக்கு மட்டும் ஒரு எவர்சில்வர் குடம் கொடுப்பார். மற்றவர்களுக்குப் பொரி, சுண்டல், வேட்டி. அண்ணன் கூச்சத்தோடு குடத்தை வாங்கிக்கொள்வார். திரும்பி வரும்போது ரயிலில் அதை மடியிலேயே வைத்திருப்பார்.

2003 மார்ச். கணக்கு முடிக்கிற மாதம். ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து அண்ணன் இடது தோளை அழுத்தி விட்டுக்கொண்டே வந்தார்.

"என்னண்ணே?"

"வாயு புடிச்சிருக்கு தம்பி. ராத்திரி மொச்சைக் குழம்பு."

"இன்னிக்கு ஒரு நாள் லீவு போட்டுட்டு டாக்டர பாத்திருக்கலாமில்லண்ணே?"

"மார்ச்சு மாசத்துல லீவா? முதலாளி என்னா நெனைப்பாரு? இயர் எண்டிங் முடியட்டும், பாத்துக்கறன்."

முதலாளி ஒன்றும் நினைத்திருக்க மாட்டார் என்றுதான் இன்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால், ஆறு குடம் வாங்கிய மனிதர் ஏழாவது குடத்தை எப்படி விடுவார்?

அந்த வியாழக்கிழமை ராத்திரி இரண்டு மணிக்கு வலி வந்தது. 108 ஆம்புலன்ஸ் அப்போது கிடையாது. அது வந்தது 2008-ல். விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி முண்டியம்பாக்கத்துக்கு வந்தது 2010-ல். நாங்கள் ரயிலில் தாண்டிப் போன முண்டியம்பாக்கத்தில் சர்க்கரை ஆலைதான் இருந்தது. வாடகைக் கார் பிடித்துப் புதுச்சேரி ஜிப்மருக்குக் கொண்டு போனார்கள். வெள்ளி, சனி, ஞாயிறு இருந்தார். திங்கள் சாயங்காலம் போய்விட்டார்.

முதலாளி கெட்டவர் இல்லை. வீட்டுக்கு வந்து அழுதார். காரியத்துக்கென்று 5,000 ரூபாய் கொடுத்தார். ஒரு வாரம் கழித்து என்னிடம், "அவரு கணக்க முடிச்சுடுப்பா" என்றார்.

முடித்தேன். மாதச் சம்பளம் 4,500 ரூபாய். ஒரு நாளைக்கு 150. பதினேழு நாள் ஆகியிருந்தது. அதில் வெள்ளி, சனி, திங்கள் மூன்று நாள் வேலைக்கு வரவில்லை. வருகைப் பதிவேட்டில் அந்த மூன்று கட்டத்திலும் சிவப்பு மையில் 'ஆ' போட்டேன். ஆப்சென்ட். 450 ரூபாய் கழித்தது போக 2,100 ரூபாய்.

ஆறு வருடத்தில் அண்ணன் எடுத்த முதல் லீவு அது. சம்பளம் பிடித்தவன் நான்.

*

அண்ணனைப் போன்றவர்களை ஒரு ஊரில் உட்கார்ந்து எண்ணியே பார்த்திருக்கிறார்கள். லண்டனில். 'ஒயிட்ஹால்' என்பது அங்கே அரசு அலுவலகங்கள் இருக்கிற பகுதி, நம் கோட்டை மாதிரி. அங்கே வேலை பார்த்த 35 முதல் 55 வயது வரையிலான 10,308 அரசு ஊழியர்களை 1985-ல் தொடங்கி ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்தார்கள். பியூன் வேலை பார்ப்பவர் முதல் பெரிய அதிகாரி வரை. யார் எத்தனை நாள் லீவு, யாருக்கு என்ன நோய், யார் செத்தார்கள் என்று எல்லாவற்றுக்கும் கணக்கு.

2003-ல், அதாவது அண்ணன் இறந்த அதே வருடம், ஒரு முடிவு வெளியானது. டாக்டர் சான்றிதழோடு போடுகிற நீண்ட லீவை எடுத்துக்கொண்டார்கள். பத்து வருடத்துக்கு ஐந்து முறைக்கு மேல் அப்படி லீவு போட்டவர்களின் இறப்பு விகிதம், அப்படி லீவே போடாதவர்களைவிட 4.8 மடங்கு. இதைப் படித்துவிட்டு ஒரு மேனேஜர், "பார்த்தீங்களா, லீவு போட்டா சாவு" என்று சொல்லக்கூடும். அப்படி இல்லை. அந்த லீவு ஒரு சிவப்பு விளக்கு. உள்ளே ஏதோ நோய் இருக்கிறது என்று லீவுப் பதிவேடு டாக்டருக்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறது. நாம் அந்தப் பதிவேட்டை யாரைத் திட்டலாம் என்று பார்க்கத்தான் புரட்டுகிறோம்.

இரண்டாவது முடிவு 2005-ல் வந்தது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது அதுதான். ஏற்கெனவே உடல்நிலை சரியில்லாத ஆண் ஊழியர்களை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்தார்கள். அவர்களில் 17 சதவிகிதம் பேர் மூன்று வருடத்தில் ஒரு நாள்கூட நோய் விடுப்பு எடுக்கவில்லை. அண்ணனின் லண்டன் சகோதரர்கள்! அதே அளவு உடம்பு சரியில்லாமல், அளவாக லீவு எடுத்துக்கொண்டவர்களோடு ஒப்பிட்டால், இந்த உத்தமர்களுக்குப் பெரிய மாரடைப்பு மாதிரியான இதயக் கோளாறு வந்தது இரண்டு மடங்கு.

லீவு போட்டால் மாரடைப்பே வராது என்று இதற்கு அர்த்தம் இல்லை. அண்ணன் அன்றைக்கு லீவு போட்டிருந்தால் பிழைத்திருப்பாரா என்றும் என்னால் சொல்ல முடியாது. ஒன்று மட்டும் சொல்லலாம். நோயோடு வேலைக்குப் போகிறவரை நாம் உழைப்பாளி என்று நினைக்கிறோம். அவர் உடம்பு அதைக் கடனாக எழுதிக்கொள்கிறது.

நமக்கு லண்டன் வரை போகவேண்டாம். டெங்குவையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று நாள் கொளுத்துகிறது. அப்புறம் காய்ச்சல் விடுகிறது. "அப்பாடா, சரியாப்போச்சு" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறோம். டாக்டர்கள் சொல்வது நேர்மாறு. டெங்குவில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்குகிறபோதுதான் ஆரம்பிக்கிறது. அடுத்த ஒன்றிரண்டு நாள்தான் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம் என்று கவனமாகப் பார்க்கவேண்டிய நேரம். அந்த இரண்டு நாளில்தான் நம் ஆள் கடையில் மூட்டை எண்ணிக்கொண்டிருக்கிறார். காய்ச்சல் இல்லாதவருக்கு யார் லீவு கொடுப்பார்கள்?

*

"சட்டம்னு ஒண்ணு இருக்கே சார்" என்பீர்கள். இருக்கிறது. அதுதான் வயிற்றெரிச்சல்.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். வருடம் 1947. அதன் 25-வது பிரிவு என்ன சொல்கிறது? கடையில் வேலை செய்கிறவருக்கு, உடம்பு சரியில்லை என்றாலோ அடிபட்டாலோ வருடத்துக்கு 12 நாள் வரை சம்பளத்தோடு லீவு. நியாயமான எந்தக் காரணத்துக்கும் இன்னொரு 12 நாள் தற்செயல் விடுப்பு. ஒரு வருடம் தொடர்ந்து வேலை செய்துவிட்டால், இது போக இன்னும் 12 நாள் சம்பளத்தோடு விடுமுறை. எப்பேர்ப்பட்ட சட்டம் பாருங்கள்! மச்சினன் கல்யாணத்துக்குக் காய்ச்சல் என்று பொய் சொல்லவே வேண்டாம். கல்யாணம் என்றே எழுதலாம். அதற்கு வேறு கணக்கு, காய்ச்சலுக்கு வேறு கணக்கு என்று அப்போதே பிரித்து வைத்துவிட்டார்கள்.

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ ஒரு ஜவுளிக்கடைக்குப் போய், சேலை எடுத்துப் போடுகிற பெண்ணிடம், "உனக்கு வருஷத்துல எத்தனை நாள் சிக் லீவும்மா?" என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்டேன். அந்தப் பெண் என்னை லேபர் ஆபீஸர் என்று நினைத்துச் சூப்பர்வைசரைத் திரும்பிப் பார்த்தது. பிறகு மெதுவாக, "ஒருநாள் வரலன்னா அட்டெண்டன்ஸ் போனஸ் போயிடும் சார்" என்றது. நான் கேட்டது ஒன்று, வந்த பதில் வேறு. ஆனால், சரியான பதில்.

அடுத்தது ஈ.எஸ்.ஐ. 1948-ல் சட்டமாகி, 1952-ல் தொடங்கிய திட்டம். இன்று சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டது. நல்ல திட்டம், குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. 2019 ஜூலையில் குறைத்த விகிதப்படி, தொழிலாளி சம்பளத்தில் 0.75 சதவிகிதம், முதலாளி 3.25 சதவிகிதம். உடம்பு சரியில்லை என்றால் வருடத்துக்கு 91 நாள் வரை 70 சதவிகிதச் சம்பளம். காசநோய் மாதிரி நீண்டகால நோய் என்றால் 80 சதவிகிதம், இரண்டு வருடம் வரைகூட உண்டு. 91 நாள் என்பது 13 வாரம். உலகத்தில் முதன்முதலாகத் தொழிலாளிக்குக் கட்டாய நோய்க் காப்பீடு கொண்டுவந்தது ஜெர்மனியில் பிஸ்மார்க், 1883-ல். அவர் கொடுத்ததும் 13 வாரம்தான்!

ஒரு சின்னக் கணக்கு போடலாமா? பி.காம். படித்தவனுக்கு வேறென்ன தெரியும்? தினக்கூலி 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மூன்று நாள் காய்ச்சல். இழப்பு 1,500. ஈ.எஸ்.ஐ.யில் பொதுவாக முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது, அது காத்திருப்புக் காலம். மூன்றாவது நாளுக்கு 70 சதவிகிதம், 350 ரூபாய். அதற்கும் காய்ச்சலோடு டிஸ்பென்சரி வரிசையில் நின்று சான்றிதழ் வாங்கவேண்டும். மூன்று நாள் படுத்துக்கொண்டால் 1,150 ரூபாய் நஷ்டம். மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனால் நஷ்டம் பூஜ்யம். நீங்கள் அந்த இடத்தில் இருந்தால் எதைச் செய்வீர்கள்? பெரிய நோய்க்கு நம்மிடம் நல்ல ஏற்பாடு இருக்கிறது. பெரிய நோயாக மாறுவதற்கு முன்னால் இருக்கிற சின்ன நோய்க்குத்தான் இல்லை.

இங்கே ஒரு முதலாளி நண்பர் குறுக்கே வருகிறார். "நம்ம ஆளுங்களை நம்ப முடியுமா சார்? தீபாவளிக்கு மறுநாள் ஊரே காய்ச்சல்ல படுத்திருக்கும்."

உண்மைதான். ஆனால் ஏன்? ஆபீஸில் செல்லுபடியாகிற ஒரே நோட்டு காய்ச்சல்தான் என்றால், கள்ளநோட்டு அடிக்கத்தான் செய்வார்கள். பிரிட்டனில் ஏழு நாள் வரை டாக்டர் சான்றிதழ் கேட்பதில்லை. உனக்கு உடம்பு சரியில்லை என்று நீயே எழுதிக் கொடு, போதும். அங்கேயும் பொய் சொல்கிறவன் இருப்பான். அவனைப் பிடிப்பதற்காக நிஜக் காய்ச்சல்காரனை வரிசையில் நிற்கவைப்பதில்லை.

2020-ல் நாமும் அதைக் கற்றுக்கொண்டோம். தும்மினாலே, "தயவுசெஞ்சு வராதே, வீட்ல இரு" என்று இதே முதலாளிகள் போன் பண்ணிச் சொன்னார்கள். காய்ச்சலோடு வருகிறவன் உழைப்பாளி இல்லை, மற்ற பத்துப் பேருக்கும் பரப்புகிறவன் என்று அப்போது புரிந்தது. முகக்கவசத்தைக் கழற்றினோம், அந்தப் புத்தியையும் சேர்த்துக் கழற்றிவிட்டோம்.

*

பி.காம். முதல் வருடத்திலேயே தேய்மானம் என்று ஒரு பாடம் வரும். இயந்திரம் ஓட ஓடத் தேயும், அந்தத் தேய்மானத்தை வருடா வருடம் செலவாக எழுதவேண்டும் என்பது விதி. எங்கள் கடையில் ஒரு டெலிவரி வேன் இருந்தது. மாதத்துக்கு ஒரு நாள் ஒர்க்‌ஷாப்பில் நிற்கும். ஆயில் மாற்றுவார்கள், பிரேக் பார்ப்பார்கள். "வேன் ஒரு நாள் வரலை, பிடித்தம் போடு" என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. பராமரிப்புச் செலவு என்று நானே என் கையால் எழுதியிருக்கிறேன். வேனுக்குக் கொடுத்த ஒரு நாளை அண்ணனுக்குக் கொடுக்க எங்களுக்குத் தோன்றவில்லை. அவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

கொடுமை என்னவென்றால், இந்த இருபது வருடத்தில் மருத்துவம் எவ்வளவோ பக்கத்தில் வந்துவிட்டது. முண்டியம்பாக்கத்தில் மருத்துவக் கல்லூரி. கூப்பிட்டால் 108. 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று பி.பி., சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அருமையான திட்டம். ஆனால், தேடி வருகிற நேரத்தில் மக்கள் வீட்டில் இருக்கவேண்டுமே! அதே 2021-ல் கடைகள் சட்டத்தைத் திருத்தி, நாள் முழுக்க நிற்கிற ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்கவேண்டும் என்று தமிழ்நாடு அரசு சட்டம் செய்தது. 74 வருடம் கழித்து நாற்காலி வந்தது. உடம்பு சரியில்லாதவன் படுக்கிற பாய், 1947-லேயே சட்டத்தில் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. எடுத்து விரிக்கத்தான் ஆள் இல்லை.

நீங்கள் முதலாளியாகவோ மேனேஜராகவோ இருந்தால், நாளைக்கு வருகைப் பதிவேட்டைப் புரட்டுங்கள். அதிகம் லீவு போட்டவர் யார் என்று பார்ப்பது உங்களுக்குப் பழக்கம்தான். லீவே போடாதவர் யார் என்றும் பாருங்கள். அவருக்குக் குடம் கொடுக்காதீர்கள். கூப்பிட்டு, "கடைசியா எப்பப்பா டாக்டரைப் பார்த்தே?" என்று கேளுங்கள். சிக் லீவு 12 நாள் என்று சம்பளம் போடுகிற மேஜைக்கு மேலே ஒரு அட்டையில் எழுதி மாட்டுங்கள். உங்கள் குழந்தைக்குப் பள்ளிக்கூடத்தில் நூறு சதவிகித வருகைக்குப் பரிசு கொடுத்தால், கைதட்டுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் யோசியுங்கள். அண்ணனுக்கு அந்தப் பழக்கம் அங்கேதான் ஆரம்பித்திருக்கும்.

25-வது பிரிவை நான் முழுதாகப் படித்தது அண்ணன் போய்ப் பல வருடம் கழித்து, பத்திரிகைக்கு வந்த பிறகு. தொழில் சட்டம் எனக்குப் பாடமாகவே இருந்தது, பாஸ் மார்க்கும் வாங்கியிருக்கிறேன். அன்றைக்குத்தான் தெரிந்தது, அந்த வருடம் அண்ணனுக்குச் சட்டப்படி 12 நாள் பாக்கி இருந்தது. அதில் மூன்று நாளுக்குச் சம்பளம் பிடிக்க எனக்கு உரிமையே இல்லை. ஆறு வருடக் கணக்கு பார்த்தால் 72 நாள். வருடத்துக்கு வருடம் சேராது என்று தெரியும். இருந்தாலும் கூட்டிப் பார்த்தேன். கணக்கு எழுதியவன் கை.

எனக்கு இப்போது 45. அடுத்த வருடம் அண்ணன் வயது. மூன்று மாதத்துக்கு முன்னால் டாக்டர் பி.பி. மாத்திரை எழுதி, இதயப் பரிசோதனை ஒன்றுக்கும் சீட்டு கொடுத்தார். சீட்டு இன்னும் பர்ஸிலேயே இருக்கிறது. இந்த இதழ் வேலை முடியட்டும், அடுத்த இதழ் வேலை முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். இயர் எண்டிங் முடியட்டும் என்று சொன்னவரை நான் குறை சொல்லிக்கொண்டிருக்கிறேன், பாருங்கள்!

அதனால் அடுத்த வாரம் இந்தப் பக்கம் வராது. எடிட்டருக்கு லீவ் லெட்டர் கொடுத்துவிட்டேன். இரண்டே வரிதான். காய்ச்சல் என்று எழுதவில்லை. டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறேன்.

என் வாழ்க்கையில் கற்பனை கலக்காமல் எழுதிய முதல் லீவ் லெட்டர்.